காலை ஆறு மணிக்கு ஒரு ‘கீறேன்’

நேற்று காலை பதினேழாம் நம்பர் பெட்டியின் மூடியைத் திறந்தேன். நான்கு திருகாணிகள். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூடியின் உட்புறத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் நீ எழுதிய தேதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதுதான் உன் கையெழுத்து என்று நீ சாதிக்கும் அந்தக் கோணல் வளையம். கடைசி வளையத்துக்குக் கீழே நிறைய இடம் காலியாக இருந்தது.

பூந்தமல்லி தாண்டி, சிறு பட்டறைகளின் கழிவுநீரெல்லாம் வந்து சேரும் அந்தக் கிணற்றடிதான். வாடை அப்படியே இருக்கிறது, அழுகிய முட்டை வாடை. எனக்குக் குமட்டும், நீ அங்கேயே நின்று டீ குடிப்பாய். “நாத்தம் அடிக்கிற வரைக்கும் கவலப்படாத மச்சான். நாத்தம் நின்னா ஓடு” என்பாய். முதலில் வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கழிவுநீரில் கிளம்பும் அந்த விஷவாயு கொஞ்சமாக இருந்தால் மூக்கு கண்டுபிடிக்கும், அதிகமானால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும். வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவன் ஏறி வர மாட்டான். அதற்காகத்தான் வாயுவை அளந்து சொல்லும் நம் பெட்டியை அங்கே மாட்டினோம்.

உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அது திரும்பி வந்துவிட்டது, மச்சான். மறுபடியும் யாரோ பதினேழாம் நம்பரைத் தட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீ. அதனால்தான் இந்த மடல். படிக்க மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த இரண்டாம் மாடிக் கம்பெனியில் நாம் ஒரே வாரத்தில்தான் சேர்ந்தோம். நான் தேனிப் பக்கத்திலிருந்து வந்து அயப்பாக்கத்தில் ஃபிளாட் எடுத்துக் குடியேறியவன். நீ சேக்காட்டுக்காரன். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது நான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுவது நீ. முதல் மாதமே எனக்கு ‘ஏசி ரூம்’ என்று பெயர் வைத்துவிட்டாய். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் உன் அப்பா கூலிக்கு நாற்று நட்ட இடத்தில் இன்று குடோன் நிற்கிறது. அந்தக் குடோனிலேயே நம் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டு வந்து, “அப்பன் நட்ட எடத்துல நானும் ஒண்ணு நட்டுட்டேன்” என்று சிரித்தாய்.

நம் பெட்டிக்குக் கம்பி கிடையாது. உள்ளே விரல் தடிமனில் ஒரு லித்தியம் பேட்டரி. அதை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட வேண்டும். ஓடும், பெட்டி தூங்கினால். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, காற்றை முகர்ந்து, அளவை அனுப்பிவிட்டுத் தூங்கிப்போக வேண்டும். தூக்கத்திலும் ஒரு காது மட்டும் லேசாகத் திறந்திருக்கும். அவசரமாக அளவு வேண்டுமென்றால், கையடக்கக் கருவியிலிருந்து ஓர் அழைப்பு அனுப்புவோம், உடனே எழுந்து பதில் சொல்லும். அந்த அழைப்பை எல்லாப் பெட்டிக்கும் ஒன்றாகவே வைத்தேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று சரிபார்ப்பதற்கும் பேட்டரி செலவாகும். வாடிக்கையாளரிடம் மூன்று வருடம் என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தோம்.

“இன்னா மச்சான், எல்லா ஊட்டுக்கும் ஒரே சாவியா?” என்று நீ கேட்டாய். கிணற்றடிப் பெட்டியை எவன் வந்து எழுப்பப்போகிறான் என்று நான் சிரித்தேன்.

மூடிக்குள் நீ தேதி எழுதியதற்கும் அப்படித்தான் சிரித்தேன். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் எழுதுவாய். எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டால், “ஒன் டப்பா மறந்துடும், மூடி மறக்காது” என்பாய். நீ சொன்னதுதான் உண்மையாயிற்று. பேட்டரி மாற்றியவுடன் அந்தப் பெட்டியின் கணக்கு புதிதாகத் தொடங்கும்படி நான் எழுதியிருந்தேன். புதுப் பேட்டரி, புதுப் பிறவி. அதனால் ஒரே பெட்டி திரும்பத் திரும்பச் செத்துப் பிழைப்பது என் திரையில் தெரியவே தெரியாது. உன் மூடியில்தான் தெரிந்தது.

அன்றைக்கு நீ வழக்கமான சுற்றில் பதினேழாம் நம்பரைப் பார்க்கப் போயிருந்தாய். காலை பதினொரு மணி இருக்கும். அம்பத்தூரில் என் மேஜைக்குப் போன் வந்தது.

“மச்சான், மூடில தேதி பாத்தேன். பேட்டரி மொதல்ல பதினோரு மாசம் வந்துகீது. அப்பறம் நாலு மாசம். அப்பறம் ஒண்ணர. இப்ப பத்தொம்போது நாள். பேட்டரி கம்பெனி ஏமாத்துறான்னு நெனச்சேன். மத்த பெட்டிக்கெல்லாம் அதே பேட்டரிதான போட்டோம்?”

நான் திரையைப் பார்த்தேன். “பதினேழு பச்சையாத்தான இருக்கு. அளவு நார்மல்.”

நீ மெதுவாகச் சொன்னாய். “பெட்டி செத்துப்போயி என் கைல கீது மச்சான். அது எப்டி பச்ச காட்டுது?”

பதில் வரவில்லையென்றால் கடைசியாக வந்த அளவையே காட்டும்படி நான்தான் எழுதியிருந்தேன். பெட்டி எப்போது செத்தது என்று தெரியாது. செத்த பிறகும் என் திரை ‘நலம், நலம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து இதைச் சொல்வதற்குள் உன் போன் தரையில் விழும் சத்தம் கேட்டது.

“ஏழுமல! எறங்காத! மேல ஏறு! ஏறுடான்றேன்!”

ஏழுமலையை எனக்கு அப்போது நேரில் தெரியாது. பம்பு அடைத்துக்கொண்டால் கிணற்றில் இறங்குகிறவர், நெமிலிச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர் என்று மட்டும் நீ சொல்லியிருக்கிறாய். பம்பு அறையிலிருந்த ஆபரேட்டர் என் பச்சையைப் பார்த்துவிட்டு, இறங்கலாம் என்று தலையாட்டியிருக்கிறார். போன் தரையில் கிடந்தது. நான் காதோடு வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். இரும்பு ஏணியில் கால் சத்தம். நீ பையைக் கொட்டும் சத்தம். வாயு அளக்கும் உன் கைமீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டிருக்கிறாய். ஒரு நிமிடம் கழித்து அது வீறிட்டது பார், அந்தச் சத்தம் இன்றைக்கும் குக்கர் விசில் அடிக்கும்போது எனக்குள் கேட்கிறது. ஆறு கிலோமீட்டரோ அறுபதோ, தூரத்தில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மனிதன் உயிரோடு ஏறிவிட்டானா இல்லையா என்று தெரியாமல் நான் எழுந்து நின்றேன்.

“ஏறிட்டான்” என்று நீ சொல்ல எவ்வளவு நேரமானது என்று தெரியாது. நான் அழுதேன், அது உனக்குக் கேட்டிருக்கும். நீ அதை வைத்து ஒருநாளும் என்னைக் கிண்டல் செய்யவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோது புதுப் பேட்டரி போட்டுவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஏழுமலை சுவரோரம் சோடா குடித்துக்கொண்டிருந்தார். பெட்டி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் கடுகு அளவில் ஒரு விளக்கு மின்னும். கால் மணிக்கு ஒருமுறை மின்ன வேண்டியது, கண் சிமிட்டுவது மாதிரி மின்னிக்கொண்டே இருந்தது.

“இது தூங்கவே மாட்டேங்குது மச்சான். எவனோ தட்டிகினே கீறான்” என்றாய்.

கையடக்கக் கருவியைப் பிடித்துக்கொண்டு, சிக்னல் கூடும் பக்கமாக நாம் நடந்தோம். காம்பவுண்டுக்கு வெளியே விளக்குக் கம்பத்தில், விளம்பரப் பலகைக்குப் பின்னால், உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. மேலே சின்ன சோலார் தகடு. கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அது நம் பெட்டியை உடைக்கவில்லை, எதையும் திருடவில்லை. என் ஒரே சாவியைக் காற்றிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, இரவு பகலாக நம் பெட்டியை எழுப்பிக்கொண்டிருந்தது. எழுந்து எழுந்தே அது செத்தது. பேட்டரி மட்டம் என்று பார்க்கவும் வழியில்லை. அந்த வகைப் பேட்டரி கடைசி நாள் வரை நன்றாகத்தான் காட்டும், பிறகு ஒரேயடியாக விழும்.

யார் கட்டினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒப்பந்தம் கிடைக்காத யாரோ, வேலையை விட்டு அனுப்பப்பட்ட யாரோ, சும்மா விளையாடிப் பார்த்த யாரோ. போலீசுக்குப் போகலாம் என்று நீ குதித்தாய். வெளியே தெரிந்தால் ஒரு வாடிக்கையாளரும் மிஞ்ச மாட்டார் என்று முதலாளி தடுத்துவிட்டார், நானும் அவரோடு தலையாட்டினேன். அதற்கு நீ என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

ஐந்தாம் நாள் பேசினாய். வேலையைத்தான் பேசினாய். “கதவ தொறந்துட்டு யாருன்னு கேக்காத. உள்ள இருந்துகினே கேளு” என்றாய். அதைத்தான் செய்தேன். அழைப்பு ஒவ்வொரு முறையும் மாறும், அடுத்தது என்ன என்பது பெட்டிக்கும் நம் கருவிக்கும் மட்டுமே தெரியும். முதல் சில எழுத்துகளிலேயே பொருந்தவில்லையென்றால் பெட்டி கண்ணைத் திறக்காமல் புரண்டு படுத்துவிடும். தவறான அழைப்பு அளவுக்கு மீறி வந்தால் அந்தக் காதையும் கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளும், எத்தனை முறை தட்டினார்கள் என்று எண்ணி வைத்துச் சொல்லும். பேட்டரி மூன்று வருடம் வராது, இரண்டரைதான் என்று வாடிக்கையாளரிடம் போய்ச் சொல்லும்படி முதலாளியிடம் நீயே சண்டை போட்டாய்.

இரண்டாவதாக நீ கேட்டது திரையை. “கடைசியா வந்த சேதிய வெச்சிகினு நல்லாகீதுன்னு சொல்லாத மச்சான். பதில் வர்லன்னா செகப்பு போடு.” ஒவ்வொரு பெட்டியும் காலை ஆறு மணிக்கு, யாரும் கேட்காமலே, உயிரோடிருப்பதாகத் தானே ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும் என்று வைத்தோம். அந்த வார்த்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று நான் யோசித்தபோது, “இதுல இன்னா யோசன? கீறேன்னு போடு” என்றாய். இருக்கிறேன் என்பதற்கு உங்கள் ஊர்ப் பேச்சு. இன்றும் திரையில் அப்படித்தான் வருகிறது. ஒன்று, கீறேன். இரண்டு, கீறேன். மூன்று, கீறேன். தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவர் இது என்ன குறியீடு என்று கேட்டார். முதலாளி ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று சமாளித்தார்.

மறுநாளிலிருந்து நீயும் அனுப்ப ஆரம்பித்தாய். காலை ஆறு மணிக்கு என் போனில் உன் பெயர், ‘கீறேன்’. கிண்டலுக்குத்தான் தொடங்கினாய். பிறகு விடவேயில்லை. மழை நாளில் ‘நனஞ்சிகினு கீறேன்’. மாமியார் வந்தால் ‘எப்டியோ கீறேன்’. அதைப் பார்த்த பிறகுதான் நான் பல் தேய்க்கப் போவேன்.

இனி எழுதப்போவதுதான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாதது.

ஆடி மாதம். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கூழ் ஊற்றத் திருத்தணிப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உன் வார்த்தை ஒன்பது மணிக்குத்தான் வந்தது. வெறும் ‘கீறேன்’. திங்கட்கிழமை வரவில்லை. உன்னை எத்தனை பேர் எப்படியெல்லாம் எழுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். வாட்ச்மேன் கூப்பிடுவார், ஆபரேட்டர் கூப்பிடுவார், சாப்பிடும்போது நான் கூப்பிடுவேன். ஒருவருக்கும் நீ இல்லை என்று சொன்னதில்லை. பெட்டிக்கெல்லாம் காதை மூடிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த நான், உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்காவது தூங்குகிறானே என்று சந்தோஷப்பட்டேன். ஆபீசில் எல்லாரிடமும் அதிகாரமாகச் சொன்னேன்: “யாரும் அவனுக்குப் போன் போடாதீங்க. தூங்கட்டும்.”

செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. ஒருமுறை கூப்பிட்டேன். மணி முழுக்க அடித்து நின்றது. திரும்பக் கூப்பிடுவான் என்று வைத்துவிட்டேன். இங்கிருந்து சேக்காடு எவ்வளவு தூரம், சொல். வண்டியில் இருபது நிமிடம். நான் போகவில்லை.

மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்திருக்கிறாய். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் விஷயமாகக் கதவைத் தட்டிப் பார்த்து, ஆட்டோவில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். புதன்கிழமை நீ இல்லை. ரத்தத்தில் தட்டணுக்கள் எல்லாம் இறங்கிவிட்டன, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகத் தங்கச்சி சொன்னாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. பதில் வராவிட்டால் சிவப்பு போட வேண்டும் என்று அறுபத்து மூன்று பெட்டிகளுக்கு எழுதியவன், உனக்கு மட்டும் பச்சையையே வைத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் உன் வேலைப் பையை என்னிடம் கொடுத்தாள். “அண்ணா, இது ஒங்க ரெண்டு பேரோடதுதான. ஊட்ல இருந்தா பசங்க நோண்டிகினே கீதுங்க” என்றாள். கயிறு, கைமீட்டர், திருப்புளி, மார்க்கர் பேனா. அன்றிலிருந்து என் வண்டியின் முன்னால்தான் தொங்குகிறது.

நேற்றைய செய்திக்கு வருகிறேன். நேற்று முன்தினம் வரை பதினேழாம் நம்பர் காட்டிய தவறான அழைப்புகள் சுழியம். நேற்று காலை ஆறு மணிக்கு ‘கீறேன்’ வந்தது, கூடவே ஒரு எண்ணும் வந்தது. ஆயிரத்துக்கு மேல். ஒரே ராத்திரியில். பெட்டி திறக்கவில்லை, பேட்டரி போகவில்லை, நாம் செய்த பூட்டு நின்றது. ஆனாலும் அவன் எங்கோ இருக்கிறான், மச்சான். இத்தனை நாள் கழித்துத் திரும்பி வந்து தட்டிப் பார்க்கிறான். இந்தக் கதவு திறக்கவில்லையென்றால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவான் என்று எனக்குத் தெரியாது. இந்த முறை முதலாளியைக் கேட்காமல் நானே பூந்தமல்லி போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் அவரிடம் சொன்னேன்.

அதற்குள் கிணற்றடியிலிருந்து போன். பம்பு அடைத்துக்கொண்டதாம், ஏழுமலை இறங்க வேண்டுமாம். நான் வருகிற வரை யாரும் இறங்கக் கூடாது என்று கத்திவிட்டு ஓடினேன்.

“இன்னா சார், நீங்களே வந்துகீறீங்க?” என்றார் ஏழுமலை, இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. காற்று ஊதும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. திரை பச்சை. நான் பச்சையை நம்பவில்லை. பெட்டியைத் திறந்து விளக்கைப் பார்த்தேன். உன் பையிலிருந்து மீட்டரை எடுத்துச் சோதனைப் பொத்தானை அழுத்தினேன், வீறிட்டது. கயிற்றில் கட்டி இறக்கினேன், சத்தமில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. மேலே இழுத்து மறுபடி அழுத்தினேன், வீறிட்டது. மறுபடி இறக்கினேன்.

ஏழுமலை சிரித்தார். “அண்ணாத்த மாரியே பண்றீங்க சார். அவரும் மூணு வாட்டி உட்டு உட்டு எடுப்பாரு.”

அவர் இறங்கினார். பெல்ட்டில் கட்டிய கயிறு என் கையில். முப்பது எண்ணுவேன், கூப்பிடுவேன், பதில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

“ஏழுமலை!”

“கீறேன் சார்!”

கிணற்றுக்குள்ளிருந்து அந்த வார்த்தை மோதி மோதி மேலே வந்தபோது கயிற்றை இன்னும் இறுகப் பிடித்தேன். முப்பது. “கீறேன் சார்!” முப்பது. “கீறேன்!” ஏழாவது முறை பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை காத்திருக்க இனி என்னால் முடியாது, மச்சான். “இழுங்க!” என்று கத்திக்கொண்டு நானும் ஆபரேட்டரும் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். கீழேயிருந்து வசவு ஒன்று வந்தது. “யோவ் சார், உடுய்யா! வாயில நட்டு வெச்சிகினு கீறேன், எப்டி பேசறது?”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை.

அவர் ஏறி வந்து முகம் கழுவிக்கொண்டு டீ சொல்லும்வரை நகரவில்லை. பிறகு மூடியை எடுத்து, உன் கடைசித் தேதிக்குக் கீழே உன் பேனாவால் நேற்றைய தேதியை எழுதினேன். பேட்டரி மாற்றவில்லை, ஆனாலும் எழுதினேன். மை தீரப்போகிறது. பக்கத்தில் ஒரு வளையம் போட்டேன், உன்னுடையதைவிடக் கோணல்.

தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ விட்டுப்போன பையை மட்டுமல்ல, நீ விட்டுப்போன பயத்தையும் நான்தான் சுமக்கிறேன். சத்தம் நின்றால் பயப்படுகிறேன், வாடை நின்றால் பயப்படுகிறேன். மனைவி ஊருக்குப் போனால் மூன்று வேளையும் கூப்பிட்டுத் தொல்லை செய்கிறேன். அந்தப் பயத்தினால்தான் நேற்று ஒரு மனிதன் என்னைத் திட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தான்.

இன்று காலை ஆறு மணிக்குத் திரையின் முன் உட்கார்ந்தேன். அறுபத்து மூன்றும் வந்துவிட்டன. பதினேழும் வந்தது. எல்லாம் சரியாக இருந்தும் வழக்கம்போலப் போனில் உன் பெயரைத் திறந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது மணி. கடைசியாக வந்த செய்தியை நம்பாதே என்று சொன்னவன் நீதான். அதில் ‘கீறேன்’ என்றுதான் இருக்கிறது.